"ஒளி ஒன்றே" என்று மேடையில் சொல்லலாமா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரையான் (திருப்பாதிரிப்புலியூர்) கேட்டது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி வாசகர் வட்டம் அடுத்த மாதம் ஒரு சமய நல்லிணக்கக் கூட்டம் நடத்தவிருக்கிறது. பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. "ஒளி ஒன்றே" என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தேவாரத்திலும் திவ்வியப் பிரபந்தத்திலும் விளக்கையும் சோதியையும் தேடி எடுப்பது எனக்குக் கடினமில்லை. பிற சமயத்தாரின் நூல்களிலிருந்து எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதில்தான் தயக்கம்.

கடலூரில் பேசுவதால் அப்பரிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். சமணத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் வீசச் செய்ததும், அவர் நமச்சிவாயப் பதிகம் பாடி, அந்தக் கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்ததும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அவர் கரை சேர்ந்த இடம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு இன்றும் நம் ஊரை ஒட்டி இருக்கிறது. அந்தப் பதிகம் "சொற்றுணை வேதியன் சோதி வானவன்" என்றே தொடங்குகிறது. அதில் ஒரு பாடல் முழுவதும் விளக்குத்தான். "இல்லக விளக்கது இருள்கெடுப்பது" என்று வீட்டு விளக்கில் தொடங்கி, சொல்லுக்குள் இருக்கும் விளக்கு, பலரும் காணும் விளக்கு என்று போய், "நல்லக விளக்கது நமச்சிவாயவே" என்று நெஞ்சுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அடுத்தது திருக்கோவலூர். நம் தென்பெண்ணையின் கரையில், மழை பெய்த இரவொன்றில், ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் இடமின்றி நின்றிருக்கையில் நான்காவதாக யாரோ வந்து நெருக்க, அது யார் என்று பார்ப்பதற்காகப் பொய்கையார் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக" என்று வெளியே ஒரு விளக்கை ஏற்றினார். பூதத்தார் "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக" என்று உள்ளே ஒன்றை ஏற்றினார். பேயாழ்வார் விளக்கு எதையும் ஏற்றாமல், "திருக்கண்டேன்" என்று தாம் கண்டதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பார்த்தபோதே எனக்குச் சிக்கல் தொடங்கிவிட்டது. அப்பருக்கு அந்த நல்லக விளக்கே நமச்சிவாயம். ஆழ்வார்களுக்கோ விளக்கு என்பது நாரணனைக் காண்பதற்காக ஏற்றப்படுவது. காட்டுவது ஒன்று, காணப்படுபவன் வேறு. ஒரே மொழியில், அதிகத் தொலைவில்லாத ஊர்களில் பாடியவர்களுக்கு இடையிலேயே இப்படி என்றால், குர்ஆனையும் விவிலியத்தையும் வடலூரையும் ஒரே கயிற்றில் கோத்து "எல்லாம் ஒன்றுதான்" என்று கைதட்டல் வாங்குவது நேர்மையா? அந்தந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்கள் சொன்னால் நலம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டத் தொடக்கத்தில் ஐந்துமுகக் குத்துவிளக்கை வைத்து, ஒவ்வொரு சமயத்தாரும் ஒரு முகத்தை ஏற்ற வேண்டும் என்பது வட்டத்தாரின் திட்டம். இதில் யாருக்காவது மனச்சங்கடம் இருக்குமா?

நெய்வேலிக்காரன் எழுதியது:

ஐயா, இதில் பெரிய மறைபொருள் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மின்சாரம் வருவதற்கு முன்பு, பொழுது சாய்ந்தால் பாம்பும் பள்ளமும் தெரியாத இருட்டில்தான் உலகத்தில் எல்லாச் சமயத்தாரும் வாழ்ந்தார்கள். விளக்கு உள்ள இடம் பாதுகாப்பு, விளக்கில்லாத இடம் அச்சம். அந்த அனுபவம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் உவமையும் பொதுவாக அமைந்தது. பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன்: சுவிட்சைத் தட்டினால் வரும் வெளிச்சத்தை யாரும் கும்பிடுவதில்லை. அருமையாகக் கிடைத்தவரைதான் அது தெய்வம்.

சன்மார்க்க அன்பர் (குறிஞ்சிப்பாடி) எழுதியது:

நெய்வேலி நண்பருக்கு முதலில் ஒரு சொல். மாலையில் டியூப்லைட்டைப் போட்டதும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

கெடிலக்கரை ஐயா, நம் மாவட்டத்தில் ஒளியைப் பற்றிப் பேசிவிட்டு வடலூரை ஓரிரு வரியில் கடந்துவிட முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுத்தருள்க.

மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், வடலூரில் சத்திய ஞானசபையைத் திறந்தது 1872 தைப்பூசத்தன்று. எண்கோண வடிவிலான அந்தச் சபையில் உருவத் திருமேனி எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தீபம். அதற்கு முன்னால் ஏழு திரைகள். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியாக எல்லாம் கலந்த கலப்புத் திரை. ஒவ்வொன்றும் ஆன்மாவை மறைத்து நிற்கும் ஒரு சக்தியைக் குறிக்கும் என்பது சன்மார்க்க விளக்கம். மாதப் பூசங்களில் ஆறு திரைகளை மட்டுமே நீக்குவார்கள். ஏழும் நீங்குவது தைப்பூசத்தன்றுதான்.

போகாதவர்களுக்காக, அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். வெளியே நிற்கும் கூட்டத்துக்கு முதலில் கருப்புத் திரை மட்டுமே தெரியும். அது விலகியதும் தீபம் தெரியும் என்று புதிதாக வந்தவர்கள் எக்கிப் பார்ப்பார்கள். தெரிவது நீலத் திரை. அதுவும் விலகினால் பச்சை. நான்காவது, ஐந்தாவது திரைகள் நீங்கும்போது எக்குவது நின்றுவிடும்; "அருட்பெருஞ்ஜோதி" என்ற குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போகும். கடைசித் திரை விலகித் தீபம் தெரிவது சில நொடிகள்தான். மீண்டும் திரை விழுந்துவிடும். இவ்வளவு தொலைவு வந்து இவ்வளவு நேரம் நின்றதற்கு இதுதானா என்று முதல் முறை எனக்கும் தோன்றியது. பல ஆண்டுகள் போன பிறகு, வள்ளலார் அங்கே நமக்குக் காட்ட விரும்பியதில் பாதி அந்தத் திரைகள்தாம் என்று நினைக்கத் தொடங்கினேன். தீபத்தை மட்டும் காட்டுவது அவர் நோக்கமாக இருந்திருந்தால் ஒரு தூணின் மேல் வைத்திருப்பார்.

இனி உங்கள் தலைப்பு. "எல்லா மதங்களும் காட்டுவது ஒரே ஒளி" என்று வள்ளலார் சொன்னதாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். அருட்பெருஞ்ஜோதி அகவல் என்ற நெடும்பாடலில் அவர் பாடியது "சாதியும் மதமும் சமயமும் காணா ஆதி அநாதியாம் அருட்பெருஞ்ஜோதி" என்பது. மதங்கள் காணாத ஒளி என்பது வேறு. மதங்கள் எல்லாம் காட்டும் ஒளி என்பது வேறு. பேருபதேசம் என்ற அவருடைய உரையில் வேதம், ஆகமம், சமயம், மதம் ஆகியவற்றின் மேல் லட்சியம் வைக்க வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகவே சொல்கிறார். அவரை நல்லிணக்க மேடையில் ஏற்றும்போது இந்தக் கண்டிப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். சபைக்குள் செல்வதற்குக் கொலையையும் புலையையும் (புலால் உண்பதையும்) தவிர்த்தவராக இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதையும் மறைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஞானசபையில் தீபம் ஏற்றப்படுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1867-இல், சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருபவர் யார், எந்தச் சாதி என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். முதலில் மூட்டியது அடுப்பு, பிறகு ஏற்றியது தீபம் என்ற வரிசையை வள்ளலார் தற்செயலாக அமைத்ததாக நான் நினைக்கவில்லை.

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை) எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. ஆம், சிலருக்குச் சங்கடம் இருக்கும். எனக்கும் இருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தரப்பிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயமான "அந்நூர்", 35-ஆம் வசனம். "அல்லாஹ் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளியாக இருக்கிறான்" என்று அது தொடங்குகிறது. அடுத்து அவனுடைய ஒளிக்கு உவமை வருகிறது: ஒரு மாடம், அதற்குள் ஒரு விளக்கு, விளக்கு ஒரு கண்ணாடிக்குள் இருக்கிறது, கண்ணாடி மின்னும் விண்மீனைப் போல் இருக்கிறது, கிழக்கையும் சேராத மேற்கையும் சேராத பாக்கியம் பெற்ற ஒலிவ மரத்தின் எண்ணெய், நெருப்பு தொடாமலேயே ஒளிவிடப் பார்க்கிறது, ஒளிக்கு மேல் ஒளி. பழைய வீட்டுச் சுவர்களில் விளக்கு வைக்கும் மாடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான காட்சியே இல்லை. எண்ணெய்தான் வேறு.

ஆனால் அந்த வசனம் அங்கே முடிவதில்லை. தான் நாடியவரைத் தன் ஒளியின்பால் இறைவன் வழிநடத்துகிறான் என்றும், மனிதர்களுக்காக அவன் உவமைகளை எடுத்துச் சொல்கிறான் என்றும் சொல்லித்தான் முடிகிறது. விளக்கு உவமையே என்பதை வசனமே சொல்லிவிடுகிறது. மேடையில் முதல் பாதியைச் சொல்லிப் பின்பாதியை விட்டுவிட்டால், நாங்களும் ஏதோ ஒரு சோதியை வணங்குகிறோம் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் வணங்குவது ஒளியைப் படைத்தவனை, ஒளியை அல்ல.

குறிஞ்சிப்பாடி அன்பர் திரைகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இமாம் கஸ்ஸாலியின் நினைவு வந்தது. 1111-இல் மறைந்த அவர், இந்த வசனத்தின் விளக்கமாகவே "மிஷ்காத்துல் அன்வார்" என்ற நூலை எழுதினார். இறைவனுக்கு ஒளியாலும் இருளாலும் ஆன திரைகள் உண்டு என்ற நபிமொழியை எடுத்துக்கொண்டு, மனிதர்களை அவர் வகைப்படுத்துகிறார். வெறும் இருளால் மறைக்கப்பட்டவர்கள் சிலர். இருளும் ஒளியும் கலந்த திரையால் மறைக்கப்பட்டவர்கள் சிலர். தூய ஒளியாலேயே மறைக்கப்பட்டவர்கள் சிலர். இந்த மூன்றாவது வகைதான் நின்று யோசிக்க வேண்டிய இடம். வடலூரில் திரைகளுக்குப் பின்னால் ஒளி இருக்கிறது. இங்கே ஒளியே திரையாகிவிடுகிறது. "அவனுடைய திரை ஒளியே" என்று வேறொரு நபிமொழியும் உண்டு. இவற்றை ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டு தரப்பிலும் உள்ள சுவை போய்விடும்.

இன்னொரு செய்தி, கடற்கரை ஊர்க்காரன் என்ற முறையில். 35-ஆம் வசனத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஐந்து வசனம் தள்ளி 40-ஆம் வசனத்தில் வரும் இருளை யாரும் சொல்வதில்லை. ஆழ்கடலின் இருள், அலை மூடுகிறது, அதன் மேல் இன்னோர் அலை, அதற்கு மேல் மேகம், இருளுக்கு மேல் இருள், கையை நீட்டினால் கையே தெரியாது. எவருக்கு அல்லாஹ் ஒளியை ஏற்படுத்தவில்லையோ அவருக்கு எந்த ஒளியும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகும் நேரத்தில் கடலுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் இந்த வசனத்தைப் படித்துக் காட்டினால் விளக்கவுரை தேவைப்படாது. "ஒளிக்கு மேல் ஒளி" என்பதன் எடை, "இருளுக்கு மேல் இருள்" என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

குத்துவிளக்கைப் பற்றி. மின்தடை வந்தால் விளக்கேற்றுவதில் எங்களுக்கு என்ன தடை? ஆனால் ஒரு மங்கலச் சடங்காக, பலர் கைகூப்பி நிற்கும் இடத்தில் ஏற்றும்போது அது வழிபாட்டின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. எங்களில் சிலர் அதைப் பொருட்படுத்தாமல் ஏற்றுவார்கள். வேறு சிலர் மரியாதையோடு ஒதுங்கி நிற்பார்கள். ஒதுங்கி நிற்பவரை "நல்லிணக்கக் கூட்டத்துக்கு வந்து இப்படியா?" என்று பார்க்காமல் இருந்தால் போதும். திரியை அவர் கையில் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுப்பது மட்டும் வேண்டாம்.

புதுவை அடைக்கலம் எழுதியது:

நான் புதுச்சேரியில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் கத்தோலிக்கப் பெண். எங்களில் பலருக்குக் குத்துவிளக்கு அந்நியமில்லை. உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்குகள் தமிழகக் கோயில்கள் பலவற்றில் உண்டு. ஆனால் சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்களில் சிலர் தயங்கலாம். கிறிஸ்தவர் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஐயா.

"நானே உலகின் ஒளி" என்ற யோவான் நற்செய்தி வசனத்தை நீங்கள் எப்படியும் எடுப்பீர்கள். அதை எடுக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். அங்கே ஒளி என்பது ஒரு தத்துவமோ உள்ளுணர்வோ அல்ல. ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, தச்சர் வீட்டில் வளர்ந்து, சிலுவையில் அறையப்பட்ட ஓர் ஆள். ஒளி சாக முடியும் என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் விசித்திரமான பகுதி. பெரிய வெள்ளியிலிருந்து அதை எங்கள் வழிபாடு சொல்லிக்கொண்டே வருகிறது. நற்கருணை அப்பம் வைக்கும் பேழை அன்று வெறுமையாக இருக்கும். அதன் அருகே எப்போதும் எரியும் விளக்கும் அணைந்திருக்கும். மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்பின்போது கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வெளியே புதுத் தீ மூட்டுவோம். அந்தத் தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றுவதற்கு முன், குருவானவர் அதன் மேல் சிலுவை அடையாளத்தையும், முதலும் முடிவும் அவரே என்பதைக் குறிக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகளையும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் வரைவார். ஆண்டை ஏன் எழுத வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. எப்போதோ நடந்ததை நினைவுகூரும் திரி அல்ல, இந்த ஆண்டில் நம்மிடையே எரியும் திரி என்று சொல்வேன். இருட்டில் அந்த ஒரு திரி முன்னே போக, வழியில் மூன்று முறை நின்று "கிறிஸ்துவின் ஒளி" என்று அறிவிக்க, மக்கள் தங்கள் மெழுகுதிரிகளை அதிலிருந்து பற்றவைத்துக்கொள்வார்கள். பிறகு பாடப்படும் பாஸ்கா புகழுரையில், பகிர்ந்து கொடுத்தாலும் இந்தத் தீ குறையவில்லை என்று ஒரு வரியும், மெழுகைத் தந்த தேனீக்களைப் பற்றி ஒரு வரியும் உண்டு. தேனீக்களை நினைத்துப் பார்த்த அந்தப் பழங்காலத்து ஆசிரியர்மேல் எனக்குத் தனி அன்பு.

இனி ஒரு மாற்றுக் கருத்து. திரை, மாடம், மறைப்பு என்று மேலே இருவர் மிக அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மத்தேயு நற்செய்தியில் மலைப்பொழிவில் இயேசு சொல்வது இதற்கு நேர் எதிர்: விளக்கை ஏற்றி யாரும் மரக்காலுக்குள் வைப்பதில்லை, விளக்குத் தண்டின் மீதே வைப்பார்கள். அங்கே "நீங்கள் உலகிற்கு ஒளியாய் இருக்கிறீர்கள்" என்று சொல்லப்படுபவர்கள் சீடர்கள், சாதாரண மீனவர்களும் அவர்களைப் போன்றவர்களும். அதோடு யோவான் மூன்றாம் அதிகாரம் இன்னும் கடுமையானது. தீங்கு செய்பவர்கள் ஒளியை வெறுக்கிறார்கள், தங்கள் செயல்கள் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி அதனிடம் வருவதில்லை என்கிறது. ஒளி ஆறுதல் தருவது மட்டுமல்ல, காட்டிக்கொடுப்பதும் அதன் வேலை. நல்லிணக்கக் கூட்டங்களில் ஒளியின் இந்த முகத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆண்டு தோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு மாலையில் வந்து பாருங்கள். கல்லறைகளின் மேல் மெழுகுதிரிகள் வரிசையாக எரியும். கிறிஸ்தவர் அல்லாத அண்டை வீட்டார்கூட எங்களோடு வந்து ஏற்றுவதுண்டு. அவர்களிடம் யாரும் ஒளியின் தத்துவத்தைக் கேட்பதில்லை. காற்றில் அணைந்த திரியை யார் மீண்டும் பற்றவைப்பது என்பதுதான் அங்கே பேச்சு.

நெய்வேலிக்காரன் எழுதியது:

புதுவையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரில் நடு அறையில் இருக்கும் சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளத்தின் மேல், கூரையில் உள்ள கருவி சூரியனைத் தொடர்ந்து திரும்பி ஒரே கற்றையாக வெயிலை இறக்குகிறது. எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை, பூசையும் இல்லை. மதம் எதுவும் வேண்டாம் என்றவர்களும் கடைசியில் ஒளியைத்தான் நடுவில் வைத்திருக்கிறார்கள். என் முதல் பதிவுக்கு இது சாதகமா பாதகமா என்று எனக்கே குழப்பம்.

அருகன் அடி (புதுச்சேரி) எழுதியது:

நான் தமிழ்ச் சமணன். பூர்விகம் திண்டிவனம் பக்கம். கெடிலக்கரை ஐயா அப்பர் வரலாற்றைத் தொடங்கியபோதே எங்களை நினைவுபடுத்திவிட்டார். அந்தக் கதையில் கல்லைக் கட்டச் சொன்ன தரப்பாக மட்டுமே மேடைகளில் நாங்கள் வருகிறோம். உங்கள் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுரம் என்ற பெயரோடு பெரிய சமணப் பள்ளி இருந்த ஊர் என்பதையும், லோகவிபாகம் என்ற நூல் 458-இல் அங்கே எழுதப்பட்டது என்பதையும் ஒரு வரி சொன்னால் மகிழ்வேன்.

எங்கள் தீபாவளி மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த நாள். அறிவொளி உலகை விட்டுப் போய்விட்டது, அதனால் புற ஒளியையாவது ஏற்றுவோம் என்று அரசர்கள் விளக்கேற்றியதாகக் கல்பசூத்திரம் சொல்கிறது. அது சமணத்தின் இன்னொரு பிரிவான சுவேதாம்பரர் நூல், நாங்கள் திகம்பரப் பிரிவினர். ஆனாலும் விளக்கேற்றும் காரணம் எங்களுக்கும் அதுவே. மேலே எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒளி என்பது இறைவனோடு தொடர்புடையது. எங்களுக்குப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை; ஒளி ஒவ்வோர் உயிருக்கும் சொந்தமான அறிவு, வினைதான் அதை மூடியிருக்கிறது. "ஒளி ஒன்றே" என்ற தலைப்பில் எனக்கு இடமே இல்லை, ஐயா. உயிர்கள் எத்தனையோ ஒளிகள் அத்தனை.

கெடிலக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வட்டத்தாரிடம் பேசித் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் நல்லவேளையாக இன்னும் அச்சுக்குப் போகவில்லை. "ஒளியும் மறைப்பும்" என்று வைக்கலாம் என்று இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தபோது எனக்குப் பட்டது இது. ஒளியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இவர்கள் ஒன்றுபடவில்லை. அதை எது மறைக்கிறது என்று சொல்லும் இடத்தில்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறது. வடலூரில் ஏழு திரைகள், கஸ்ஸாலியிடம் இருளும் ஒளியுமே திரை, சமணத்தில் வினை, யோவானில் மனிதன் தானே விரும்பி ஒளிந்துகொள்ளும் இருட்டு. அப்பரும் இன்னோரிடத்தில் "விறகில் தீயினன் பாலில்படு நெய்போல் மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்" என்கிறார். சோதி என்று சொல்லும் மூச்சிலேயே மறைந்து நிற்கிறான் என்றும் சொல்லிவிடுகிறார். உறவு என்ற கோலை நட்டு, உணர்வு என்ற கயிற்றால் முறுக வாங்கிக் கடைய வேண்டும் என்று வேலையையும் நம்மிடமே கொடுத்துவிடுகிறார்.

புதுவை அம்மா சொன்ன மரக்கால் இந்த வரிசைக்குள் அடங்காது என்பதை அறிவேன். அருகன் அடி அவர்களின் எண்ணற்ற ஒளிகளும் முழுமையாக அடங்கா. அடங்காதவற்றை அடங்காதவை என்றே மேடையில் சொல்லப்போகிறேன். பாடலிபுரத்தைப் பற்றி ஒரு வரி அல்ல, ஒரு பத்தியே பேசுவேன். அப்பர் ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு எதிராகப் பாடிய சமணமும் இந்த ஊரின் சொத்துத்தானே.

விளக்கைப் பொறுத்தவரை, ஐந்து பேர் ஐந்து முகம் என்ற திட்டத்தைக் கைவிட்டாயிற்று. மேடையில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். யாரும் ஏற்ற வேண்டியதில்லை, யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தங்கள் நூலிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கலாம். வெள்ளாற்றங்கரை ஐயா, 35-ஆம் வசனத்தோடு அந்தக் கடல் வசனத்தையும் நீங்களே வந்து ஓதிப் பொருள் சொல்ல முடியுமா? கூட்டம் மாலை ஐந்தரை மணிக்கு.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

அவசியம் வருகிறேன், ஐயா. ஐந்தரைக்குத் தொடங்கினால் நடுவில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு நான் எழுந்து போக வேண்டியிருக்கும்; நான்கரைக்குத் தொடங்க முடியுமானால் எனக்கும் வசதி, பரங்கிப்பேட்டைக்குக் கடைசிப் பேருந்துக்காக ஓடவும் வேண்டாம். ஓதுவது இரண்டு நிமிடம், பொருள் சொல்வது பத்து நிமிடம் ஆகும். 40-ஆம் வசனத்தின் பொருளை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். விசைப்படகில் பல ஆண்டுகள் கடலுக்குப் போனவர், மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். அவரையும் அழைத்து வரலாமா?

கெடிலக்கரையான் எழுதியது:

தாராளமாக அழைத்து வாருங்கள். நான்கரை மணி என்று மாற்றிவிடுகிறேன். அவருக்கு மேடை வேண்டாம் என்றால் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே பேசட்டும்; ஒலிபெருக்கியை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன்.